லீவர் ஆக்ஷன் ரைஃபிள்: முதலில் தோட்டா, பிறகுதான் துப்பாக்கி

முதல் லீவர் ஆக்ஷன் ரைஃபிளை வாங்க நினைப்பவர் எடுத்த எடுப்பில் கேட்பது, “மார்லின் நல்லதா, ஹென்றி நல்லதா, வின்செஸ்டர் நல்லதா?” என்றுதான். மூன்றிலும் நல்ல துப்பாக்கிகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் பெரிதாக ஏமாந்துபோக மாட்டீர்கள். ஆனால் தோட்டாவைத் தப்பாகத் தேர்ந்துவிட்டால், யார் பெயர் பொறித்திருந்தாலும் அந்தத் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. தோள் வலிக்கும், தோட்டா விலை கையைக் கடிக்கும், பயிற்சிக்குப் போக மனமே வராது. எனவே முதலில் வேலை என்ன என்று முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்கு எந்தத் தோட்டா என்பது அடுத்தது. நிறுவனம், மாடல், மரப்பிடியின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே பேசப்போவது இரண்டு வேலைகளைப் பற்றி. ஒன்று, வீட்டில் தற்காப்பு. மற்றொன்று, காடு மேடு, வேட்டை, முகாம் என்று வெளியில் சுமந்து திரிவது. இந்த இரண்டையும் ஒரே துப்பாக்கியால் சமாளிக்கலாமா என்பதுதான் பலருடைய கேள்வி. சமாளிக்கலாம், ஆனால் எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

ட்ரிக்கரைச் சுற்றியுள்ள காப்பும், அதற்குப் பின்னால் விரல்கள் நுழையும் வளையமும் சேர்ந்த இரும்புத் துண்டுதான் லீவர். அதைக் கீழே, முன்பக்கமாகத் தள்ளினால், பேரலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட் பின்னால் வருகிறது. சுட்டு முடிந்த வெற்றுக் கூடு வெளியே தெறிக்கிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமர் மடங்கித் தயாராக நிற்கிறது. பேரலுக்கு அடியில் ஓடும் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அங்குள்ள ஸ்பிரிங் அவற்றில் ஒன்றைக் கேரியர் என்ற சிறு தட்டின் மேல் தள்ளுகிறது. தட்டு அதைத் தூக்கிக் கொடுக்க, லீவரை மூடும்போது போல்ட் அதைப் பேரலின் அறைக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. ட்ரிக்கரை அழுத்தினால் ஹேமர் விழும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் கைதான் இயந்திரத்தை ஓட்டுகிறது. செமி ஆட்டோ துப்பாக்கியில் வெடிப்பின் விசையே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும், இதில் அது கிடையாது. அதனால் ஒரு நன்மை உண்டு: தோட்டா மென்மையானதா வலுவானதா என்பது இயந்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தீமையும் உண்டு. லீவரை அரைகுறையாகத் தள்ளினால் கூடு வெளியேறாது, அல்லது புதுத் தோட்டா ஏறாது. பதற்றத்தில் இருப்பவர் செய்யும் முதல் பிழையே இதுதான். லீவரை முட்டும் வரை தள்ள வேண்டும், முட்டும் வரை மூட வேண்டும். மென்மையாக நடத்தினால் தடுமாறும், முரட்டுத்தனமாக நடத்தினால் ஒழுங்காக ஓடும். புதியவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது.

தோட்டா நிரப்புவதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். துப்பாக்கியின் வலது பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு இருக்கும். தோட்டாவின் மூக்கால் அதை உள்ளே அமுக்கி, கட்டைவிரலால் தள்ள வேண்டும். கடைசி வரை தள்ளாமல் அடிப்பகுதி கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும்படி விட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதை உள்ளே தள்ளினால் கதவு கட்டைவிரலைக் கடிக்காது. ஆறேழு தோட்டா போட்டுப் பழகியவுடன் கை தானாகவே இப்படிச் செய்யத் தொடங்கும். இரண்டு சுட்டவுடன் இரண்டை நிரப்பிக்கொள்ளலாம். துப்பாக்கியைத் திறக்கவோ மேகசினை (தோட்டா அடைத்து வைக்கும் பகுதி) கழற்றவோ தேவையில்லை. அதே சமயம், முற்றிலும் காலியான குழாயை அவசரத்தில் நிரப்புவது மெதுவான வேலை. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள துப்பாக்கியோடு இந்த ஒரு விஷயத்தில் போட்டி போடவே முடியாது.

பழைய கதை, ஆனால் இன்றும் தேவைப்படுவது

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிளில் 16 தோட்டாக்கள் குழாயில் கொள்ளும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஒரு முறை சுட்டுவிட்டு மீண்டும் முன்வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிகளுக்கு நடுவே அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் குழாயின் முன்முனையைத் திறந்துதான் தோட்டா போட வேண்டும். பக்கவாட்டுக் கதவு வந்தது 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டரில். அதை வடிவமைத்தவர் நெல்சன் கிங். பிறகு ஜான் பிரௌனிங் வந்தார். 1886, 1892, 1894 என்று வரிசையாக அவர் வரைந்து கொடுத்த வின்செஸ்டர் மாடல்களின் நகல்களும் வாரிசுகளும்தான் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

1895-இல் .30-30 தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், ஏறத்தாழ அங்குலத்தில்) விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் புகையில்லா மருந்தை நம்பி வேட்டைக்காக உருவான முதல் சிறு விட்டத் தோட்டா அது. வின்செஸ்டர் 94 எழுபது லட்சத்துக்கு மேல் தயாரானதற்கு இந்தத் தோட்டா ஒரு பெரிய காரணம்.

குழாய் மேகசினுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். சென்டர்ஃபயர் தோட்டாவில் அந்த அடிப்பகுதியின் நடுவில்தான் பிரைமர், அதாவது அடித்ததும் தீப்பற்றி மருந்தை எரியவைக்கும் சிறு மூடி, இருக்கிறது. மூக்கு கூர்மையாக இருந்தால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அது ஊசி போல முன்னாலிருக்கும் பிரைமரைக் குத்திவிடலாம். குழாய்க்குள்ளேயே தோட்டா வெடித்தால் முன்பிடியில் இருக்கும் கை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் லீவர் துப்பாக்கித் தோட்டாக்களின் மூக்கு தட்டையாகவோ உருண்டையாகவோ இருக்கிறது. தட்டை மூக்கு காற்றைக் கிழித்துப் போகாது, சீக்கிரம் வேகம் இழக்கும். லீவர் துப்பாக்கி 150, 200 கெஜத்துக்கு உட்பட்ட ஆயுதம் என்று பெயர் வாங்கியதில் பாதிக் காரணம் இதுதான். ஹார்னடி நிறுவனம் மென்மையான ரப்பர் போன்ற கூர்முனை வைத்த லெவரெவலூஷன் தோட்டாவைக் கொண்டுவந்த பிறகு இந்தத் தூரம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அந்த முனை அழுந்திக் கொடுக்கும் என்பதால் குழாயில் ஆபத்தில்லை. சாதாரணக் கூர்மூக்குத் தோட்டாவை, அளவு பொருந்துகிறதே என்று குழாயில் போடவே கூடாது.

பிரௌனிங் பிஎல்ஆர் போன்ற சில மாடல்களில் குழாய்க்குப் பதில் பெட்டி மேகசின் இருக்கும். அவற்றில் கூர்மூக்குத் தோட்டா போடலாம். 1895-ஆம் ஆண்டு வின்செஸ்டரும் பெட்டி வகைதான். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கொண்டுபோன துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று.

தோட்டா: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

லீவர் துப்பாக்கித் தோட்டாக்களை இரண்டு குடும்பமாகப் பார்க்கலாம். ரிவால்வரிலும் போடும் குட்டைத் தோட்டாக்கள் ஒன்று: .357 மேக்னம், .44 மேக்னம், .45 கோல்ட். ரைஃபிளுக்கென்றே பிறந்தவை மற்றொன்று: .30-30, .35 ரெமிங்டன், .45-70.

என்னைக் கேட்டால், புதியவருக்கு .357 மேக்னம்தான். காரணம் பலம் அல்ல, பொறுமை. ஒரே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியில் .38 சுடும்போது உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. சத்தமும் குறைவு. ஒரு பெட்டி முழுக்கச் சுட்டாலும் தோள் தாங்கும், மனம் இன்னொரு பெட்டி கேட்கும். பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

மேக்னத்துக்கு மாறினால் கதை வேறு. 158 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 10 கிராம், ரிவால்வரின் குட்டைப் பேரலில் நொடிக்கு 1,250 அடி வாக்கில் வெளியேறும். 16 அங்குலத்துக்கு மேற்பட்ட ரைஃபிள் பேரலில் அதே தோட்டா 1,700, 1,800 அடியைத் தொடும். மருந்து எரிந்து தள்ளுவதற்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். வேகம் இவ்வளவு கூடினால் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 100 கெஜத்துக்குள் மான் வேட்டைக்கு அது போதும். அதற்கு மேல் குண்டு வேகமாகக் கீழிறங்கத் தொடங்கும்.

ஆனால் ரிவால்வர் வேகத்துக்கென்று செய்த, மூக்கில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டு ரைஃபிள் வேகத்தில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே சிதறிவிடலாம். மானைச் சுடுவதற்கு 158 அல்லது 180 கிரெய்னில் உறுதியான குண்டே நல்லது. இன்னொன்று, சில துப்பாக்கிகள் குட்டையான .38 தோட்டாவை எடுக்கும்போது அடம் பிடிக்கும். குறிப்பாக மூக்கில் கூர்மையான தோள் வைத்த குண்டு அறையின் விளிம்பில் இடித்து நிற்கும். வாங்கிய துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை மொத்தமாக வாங்குங்கள்.

.44 மேக்னம் இதற்கு ஒரு படி மேல். 240 கிரெய்ன் குண்டு ரைஃபிளில் நொடிக்கு 1,750 அடி வரை போகும். காட்டுப்பன்றி, கருங்கரடி இருக்கும் இடத்தில் நடமாடுபவருக்கு .357-ஐவிட இதில் நிம்மதி அதிகம். உதைப்பு கூடும், ஆனாலும் தாங்கக்கூடியது. பயிற்சிக்கு .44 ஸ்பெஷல் போடலாம் என்றாலும் அதன் விலை .38-ஐப்போல் இருக்காது. .45 கோல்ட் கைவசம் ரிவால்வர் வைத்திருப்பவருக்கும், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவருக்கும் பொருந்தும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

.30-30-க்கு வருவோம். 150 கிரெய்ன் குண்டு, நொடிக்கு சுமார் 2,390 அடி. 100 கெஜத்தில் குறி சரிசெய்து வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய 8 அங்குலம் கீழே விழும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தோட்டாவின் எல்லை புரிந்துவிடும். மான் வேட்டைதான் முதல் நோக்கம், வீட்டுத் தற்காப்பு இரண்டாம் பட்சம் என்றால் இதைவிட நல்ல தேர்வு லீவர் உலகத்தில் இல்லை. நூற்றாண்டைக் கடந்த தோட்டா என்பதால் வட அமெரிக்காவில் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒரு சட்டச் சிக்கல் மட்டும் உண்டு. ஒஹாயோ போன்ற மாநிலத்தில் மான் வேட்டைக்குக் கழுத்து சுருங்காத நேரான கூடுள்ள ரைஃபிள் தோட்டாக்களைத்தான் அனுமதிக்கிறார்கள். .30-30-இன் கூடு மேலே சுருங்கும், ஆகவே அங்கே செல்லாது. .357, .44, .45-70 மூன்றும் செல்லும். ரெமிங்டன் 2023-இல் வெளியிட்ட .360 பக்ஹேமர் இந்தச் சந்தையைக் குறிவைத்து வந்த நேர்கூட்டுத் தோட்டா.

.45-70 அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா. அலாஸ்காவில் பெரிய பழுப்புக் கரடி இருக்கும் இடங்களில் வழிகாட்டிகள் பலர் இதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பெரிய, கனமான, மெதுவான குண்டு, ஆழமாகப் பாயும். இந்தத் தோட்டாவை வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அந்தக் காலத்து ராணுவ ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் சாதாரணப் பெட்டிகள் குறைந்த அழுத்தத்தில் நிரப்பப்பட்டவை. நவீன லீவர் துப்பாக்கிக்கென்று கடுமையாக நிரப்பியவையும் அதே பெயரில் விற்கின்றன. இரண்டாவதைப் பழைய துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கி உடையும். புதுத் துப்பாக்கியில் போட்டால் தோள் பதம் பார்க்கப்படும். கரடி இல்லாத ஊரில் முதல் துப்பாக்கியாக .45-70 வாங்குவது வீண் வீரம்.

.22 என்ற சின்னஞ்சிறு தோட்டாவைச் சொல்லாமல் விட முடியாது. தற்காப்புக்கு அது பொருத்தமில்லை. ஆனால் லீவர் ஓட்டப் பழக அதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

வீட்டில்

நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தற்காப்பு மட்டும்தான் நோக்கம், சட்டமும் அனுமதிக்கிறது என்றால், பதற்றத்தில் ஓட்டுவதற்கு லீவரைவிட எளிமையான துப்பாக்கிகள் இருக்கின்றன. லீவருக்கு ஆதரவாகப் பேசுவது மூன்று விஷயங்கள். அது செமி ஆட்டோ இல்லை என்பதால் பல இடங்களின் கடுமையான தடைகளில் சிக்குவதில்லை. 1996-க்குப் பிந்தைய ஆஸ்திரேலியச் சட்டம் செமி ஆட்டோ ரைஃபிள்களைச் சாதாரணக் குடிமக்களிடமிருந்து ஏறக்குறைய எடுத்துவிட்டது, லீவர் ரைஃபிளை உரிமத்தோடு அனுமதித்தது. அடுத்து, துப்பாக்கி மெலிந்தது, தட்டையானது, கையாள எளிது. கடைசியாக, வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே ஆயுதத்தில் பழகியவருக்குக் கை தடுமாறாது.

.357-இல் 16 அங்குலப் பேரல் உள்ள கார்பைனில் (குட்டை ரைஃபிள்) பொதுவாக 8 தோட்டா, 20 அங்குலத்தில் 10 தோட்டா கொள்ளும். .30-30-இல் 5 அல்லது 6. .45-70-இல் அதற்கும் குறைவாக இருக்கலாம். வீட்டுக்குள் இந்த எண்ணிக்கையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: குண்டு எங்கே போய் நிற்கும் என்பது. ஓர் ஆளைத் தடுக்கும் பலமுள்ள எந்தக் குண்டும் ஜிப்சம் பலகைச் சுவரை அனாயாசமாகத் துளைக்கும். அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் .30-30, .45-70 இரண்டும் அடிபட்டுப் போகும். .38 ஸ்பெஷலோ, 125 கிரெய்ன் .357 ஹாலோ பாயிண்டோ ஓரளவு பொறுப்பான தேர்வு. ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இருட்டில் யார் என்று தெரியாமல் சுடுவதுதான் வீட்டுத் தற்காப்பில் நடக்கும் மிகக் கொடூரமான விபத்து. ஆகவே விளக்கு கட்டாயம். பழைய பாணி மரத் துப்பாக்கியில் விளக்கு மாட்ட இடமிருக்காது. முன்பிடியில் துளைவரிசையோ ரெயிலோ வைத்த புது மாடல்கள் இப்போது பல நிறுவனங்களிடமும் வந்துவிட்டன. பார்க்க அழகில்லை என்று ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். தற்காப்புக்கு வாங்குபவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சத்தத்தையும் யோசியுங்கள். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு வெடிச்சத்தம் கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். மூடிய அறைக்குள் மேக்னம் அதை எளிதாகத் தாண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கிப் பெட்டகம் இல்லாமல் துப்பாக்கியே வேண்டாம். பெட்டகத்துக்குள் வைக்கும்போதும் குழாயில் தோட்டா, அறை காலி என்ற நிலையே பலர் கடைப்பிடிப்பது. தேவைப்பட்டால் லீவரை ஒரு முறை ஓட்டினால் போதும்.

ஹேமரும் பாதுகாப்பும்

லீவர் துப்பாக்கியில் புதியவர் கவனிக்க வேண்டிய மிக ஆபத்தான தருணம், அறையில் தோட்டா இருக்கும்போது ஹேமரை மெதுவாக இறக்குவது. பழைய வகையில் ஹேமருக்குப் பாதி வழியில் ஒரு காடி இருக்கும். கட்டைவிரலால் ஹேமரை அழுத்திப் பிடித்து, ட்ரிக்கரைத் தொட்டு, ஹேமர் கொஞ்சம் இறங்கியதும் ட்ரிக்கரை விட்டுவிட்டு, அந்தக் காடியில் கொண்டு நிறுத்த வேண்டும். விரல் வியர்த்திருந்தாலும், கையுறை போட்டிருந்தாலும், குளிரில் மரத்திருந்தாலும் ஹேமர் நழுவும், துப்பாக்கி வெடிக்கும். பேரல் பாதுகாப்பான திசையை நோக்கி இருந்தால் அது வெறும் சத்தம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. காலித் துப்பாக்கியில் இதைப் பல முறை பழகிய பிறகே தோட்டாவோடு செய்ய வேண்டும்.

மார்லினில் ஹேமரை மறிக்கும் குறுக்குப் பொத்தான் இருக்கிறது. இன்றைய வின்செஸ்டர்களில் பிடியின் மேல் நகர்த்தும் சேஃப்டி. ஹென்றியின் பெரும்பாலான சென்டர்ஃபயர் மாடல்களில் ட்ரிக்கரை முழுதாக அழுத்தினால் மட்டுமே ஹேமரின் அடியை, பிரைமரைக் குத்தும் ஊசிக்குக் கடத்தும் ஒரு தண்டு இருக்கிறது, தனிப் பொத்தான் கிடையாது. எது உங்கள் கைக்குப் பழகுமோ அது. பொத்தானை நம்பி விரலை ட்ரிக்கரில் வைத்தே நடப்பவருக்கு எந்த ஏற்பாடும் உதவாது.

வெளியில் சுமக்க

கரடி நாட்டில் நடப்பவர் முதலில் வாங்க வேண்டியது கரடி விரட்டும் மிளகு ஸ்ப்ரே. சுமார் 30 அடி வரை பாயும் அந்த மேகத்துக்குத் துல்லியமான குறி வேண்டாம், கை நடுங்கினாலும் வேலை செய்யும். துப்பாக்கி அதற்குத் துணை.

எடை காகிதத்தில் சிறிதாகத்தான் தெரியும். 16 அங்குல .357 கார்பைன் சுமார் 5 பவுண்டு, .45-70 மாடல்கள் 7 பவுண்டைத் தாண்டும். ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நிறைந்த குழாயும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனால் இலகுவான துப்பாக்கி அதிகமாக உதைக்கும் என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும். மழை, உப்புக்காற்று இருக்கும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் இரும்பும் அடுக்குமரப் பிடியும் கூடுதல் காசுக்குத் தகும். பெரிய வளையம் வைத்த லீவர் கையுறைக்காரருக்கு நல்லது. மற்றவருக்குப் புதர்களில் மாட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி, அவ்வளவே. தரையில் குப்புறப் படுத்துச் சுட நினைத்தால் லீவர் மண்ணில் இடிக்கும். உட்கார்ந்தோ மண்டியிட்டோ சுடப் பழகிக்கொள்ளுங்கள்.

பேரல் நீளத்தைப் பற்றி இவ்வளவு போதும்: 16 முதல் 20 அங்குலம். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலோ, 26 அங்குலத்துக்குக் குறைந்த மொத்த நீளமோ கொண்ட ரைஃபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும். யாராவது வெட்டிக் குட்டையாக்கிய பழைய துப்பாக்கியை வாங்கப் போகும்போது அளவுநாடா கையோடு இருக்கட்டும்.

குறிபார்க்க, தொழிற்சாலையிலிருந்து வரும் வெட்டுக்காடிக் குறியைவிட, கண்ணுக்கு அருகே சிறு வட்டத்துளை வைத்த பீப் சைட் வேகமானது. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். வயது ஏறிய கண்ணுக்கு, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் இன்னும் எளிது. இதை மாட்ட முடியுமா என்பது வெற்றுக் கூடு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய வின்செஸ்டர் 94, எல்லா 92 வகைகளும் நேர் மேலே தெறிப்பவை, ஸ்கோப்பை வழக்கமான இடத்தில் வைத்தால் கூடு அதில் போய் மோதும். மார்லின், ஹென்றி இரண்டும் பக்கவாட்டில் தள்ளுபவை. ஸ்கோப் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் அந்த இரண்டிலிருந்து எடுங்கள்.

நிறுவனங்கள், பழைய துப்பாக்கிகள்

மார்லின் 336 (.30-30), 1894 (.357, .44), 1895 (.45-70) ஆகியவை நிலையான தேர்வுகள். மார்லினைக் கைவசம் வைத்திருந்த ரெமிங்டன் திவாலானபோது 2020-இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. ரூகர் தயாரிப்புகளின் முடித்தல் வேலை நன்றாக இருக்கிறது. ரெமிங்டன் கைக்கு மாறிய தொடக்க வருடங்களில் வந்தவற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பேரலில் ஜே.எம். என்று பொறித்தவை அதற்கும் முந்தையவை, சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள், சுடுபவருக்கு அந்த இரண்டு எழுத்தால் பயனில்லை. இன்றைய ஹென்றி நிறுவனம் 1996-இல் தொடங்கியது. பெஞ்சமின் ஹென்றிக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. அதன் பழைய மாடல்களில் குழாயின் முன்முனை வழியாக மட்டுமே நிரப்ப முடியும். தற்காப்புக்கு என்றால் பக்கக் கதவும் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். வின்செஸ்டர் பெயரில் இப்போது வருபவை ஜப்பானின் மிரோக்கு ஆலையில் நேர்த்தியாகச் செய்யப்படுகின்றன, விலையும் அதற்கேற்ப. பிரேசிலின் ரோஸி ஆர்92 மலிவானது, உறுதியானது, உள்ளே கொஞ்சம் கரடுமுரடானது. ஸ்மித் அண்ட் வெஸன் 2024-இல் 1854 என்ற மாடலோடு களத்துக்குத் திரும்பியது.

பழையதை வாங்கும்போது முதலில் அறையும் குழாயும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். லீவரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். மூடிய பிறகு லீவர் தொங்கிக் கொடுத்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. ஹேமரைப் பாதிக் காடியில் நிறுத்தி, பேரலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ட்ரிக்கரை அழுத்துங்கள். ஹேமர் விழுந்தால் அந்தத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நகருங்கள். குழாயில் நசுங்கல் இருந்தால் தோட்டா அங்கே சிக்கும். கடைசியாகப் பேரல் வாயின் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குறி தவறும்.

அந்தத் தேய்மானம் பெரும்பாலும் சுட்டதால் வருவதில்லை, துடைத்ததால் வருவது. பல லீவர் துப்பாக்கிகளில் போல்ட்டை எளிதாகக் கழற்ற முடியாது என்பதால் ஆட்கள் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டு இழுத்து இழுத்து விளிம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். மார்லினில் லீவரின் ஒற்றைத் திருகைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் கையோடு வந்துவிடும். பிறகு பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். மற்றவற்றுக்கு, பின்னாலிருந்து நுழைத்து முன்னால் இழுக்கும் கயிற்றுத் தூரிகை வாங்கிக்கொள்ளுங்கள். திருகுகளையும் அப்போதே ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள், லீவர் துப்பாக்கியில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும்.